சட்டம் படிக்க முகவர் தரும் பட்டியல்: நம்பலாமா?

கேள்வி: என் மகள் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. சட்டம் படித்து இங்கே சிங்கப்பூரிலேயே வழக்கறிஞராக ஆசைப்படுகிறாள். கல்வி முகவர் ஒருவர் இலவசமாகவே பிரிட்டிஷ் பல்கலைக்கழகப் பட்டியல் ஒன்றைத் தந்திருக்கிறார்: லீட்ஸ், மான்செஸ்டர், ஷெஃபீல்டு, எக்ஸிட்டர், லிவர்பூல். இவற்றுக்கு விண்ணப்பித்தால் போதுமா?
– ஒரு தாயார், உட்லண்ட்ஸ்

பதில்: போதாது. இந்த ஐந்துக்கும் விண்ணப்பிக்கவே வேண்டாம்.

ஐந்தும் நல்ல பல்கலைக்கழகங்கள்தாம். ஆனால் அங்கே சட்டம் படித்துத் திரும்பினால் உங்கள் மகள் சிங்கப்பூரில் வழக்கறிஞராக முடியாது. இங்கே அங்கீகரிக்கப்படும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கை 2016ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து 19இலிருந்து 11ஆகக் குறைந்தது. நீக்கப்பட்ட எட்டில் ஐந்தைத்தான் அந்த முகவர் உங்களிடம் நீட்டியிருக்கிறார். அங்கீகாரம் தொடரும் பதினொன்று: ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் பொருளியல் பள்ளி (எல்எஸ்இ), லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி (யூசிஎல்), கிங்ஸ் காலேஜ் லண்டன், குயின் மேரி, டர்ஹம், பிரிஸ்டல், வாரிக், நாட்டிங்ஹம், பர்மிங்ஹம். இவற்றிலும் குறைந்தது இரண்டாம் வகுப்பின் மேல்பிரிவில் தேற வேண்டும்; திரும்பிய பிறகு இங்கே வழக்கறிஞர் தேர்வுகளும் எழுத வேண்டும்.

ஆண்டுக் கட்டணமே 20,000 பவுண்டுக்கு மேல் போகும் ஒரு முடிவு இது. இந்தப் பட்டியலை ஒரே தாளில் அச்சிட்டு, தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டிலேயே எல்லாப் பெற்றோரிடமும் கொடுப்பதில் என்ன சிரமம்? அரசாங்க இணையத்தளத்தில் போட்டுவிட்டோம், தேடிக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் இருந்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் முகவர்கள் நுழைகிறார்கள்.

‘இலவசம்’ என்ற சொல்லைக் கேட்டதும் எச்சரிக்கையாகுங்கள். மாணவர் சேர்ந்தால் முகவருக்குப் பல்கலைக்கழகம் தரகுப் பணம் கொடுக்கிறது. தரகு கொடுக்காத இடம் அவர் பட்டியலில் ஏன் வரப்போகிறது? அதில் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லையே, கவனித்தீர்களா? “இவள் சேர்ந்தால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சரி, பட்டியலை எப்படிப் போடுவது? பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியே அனுப்பும் விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள்தாம். ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஓர் ஆண்டில் விண்ணப்பிக்க முடியும். அவ்விரண்டுக்குமான கெடு அக்டோபர் 15. மேலே சொன்ன பதினொன்றில் பல, எல்நாட் என்ற நுழைவுத் தேர்வைக் கேட்கின்றன. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். எல்நாட்டை ஒரு சேர்க்கை ஆண்டில் ஒரே முறைதான் எழுதலாம். ஐந்து இடங்களையும் எல்நாட் கேட்கும் பல்கலைக்கழகங்களுக்கே கொடுத்துவிட்டு, தேர்வன்று காய்ச்சலோடு எழுதி மதிப்பெண் குறைந்தால் ஐந்தும் ஒன்றாக ஆட்டம் காணும். ஆகவே எல்நாட் கேட்காத வாரிக், குயின் மேரி இரண்டுக்கும் இடம் ஒதுக்குங்கள். எட்டாத உயரத்தில் ஒன்று, மகளின் முன்னோடித் தேர்வு மதிப்பெண்ணுக்கு ஒட்டியவை இரண்டு, கூடவே இந்த இரண்டு.

உள்ளூரில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்தில் இடம் கிடைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏ நிலைத் தேர்வின் முக்கியப் பாடங்களான எச்2 பாடங்கள் மூன்றிலும் ‘ஏ’ வாங்கியவர்கள். அதற்குமேல் நேர்காணலும் உண்டு. எனவே உள்ளூர் விண்ணப்பத்தில் இரண்டாம் விருப்பத்தை ஒப்புக்கு நிரப்பாதீர்கள். நான்கு ஆண்டுகள் மனமொப்பிப் படிக்கக்கூடிய துறையாக இருக்கட்டும். வேறு பட்டம் முடித்த பிறகு நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் ஜூரிஸ் டாக்டர் என்ற, பட்டதாரிகளுக்கான சட்டப் படிப்பின் வழியாகவும் சட்டத்துக்கு வரலாம்.

யூகாஸ் கணக்கை மகளே திறக்க வேண்டும். கடவுச்சொல் முகவர் கைக்குப் போகக் கூடாது. ஓர் ஆண்டுக்கு ஒரே விண்ணப்பம்தான். அவர் முந்திக்கொண்டு தம் பட்டியலை அனுப்பிவிட்டால் உங்கள் மகள் இன்னொன்று தொடங்க முடியாது.