கிரிக்கெட்டில் 111 ரன்னை ‘நெல்சன்’ என்று அழைப்பது ஏன்?

கிரிக்கெட்டில் ஓர் அணியோ ஆட்டக்காரரோ 111 ரன்னில் நிற்கும்போது அந்த எண்ணிக்கையை ‘நெல்சன்’ என்பார்கள். 222 என்றால் ‘இரட்டை நெல்சன்’. 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டனுக்கு வெற்றி தேடித்தந்து, அப்போரிலேயே உயிர்நீத்த கடற்படைத் தளபதி ஹொரேஷியோ நெல்சனின் குடும்பப் பெயர்தான் அது. அவருக்கு ஒரு கண், ஒரு கை, ஒரு கால் மட்டுமே இருந்தன என்ற நம்பிக்கையால், மூன்று ஒன்றுகள் வரிசையாக நிற்கும் எண்ணுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. மேலே வைக்கப்படும் சிறு கட்டைகளான பெயில்கள் விழுந்தபின் நிற்கும் மூன்று ஸ்டம்புகளைப் போலவும் அது தோன்றுவதால், விக்கெட் பறிபோகும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. நம் ஊரில் ‘ஏழரை’ என்றாலே சனியின் பிடி நினைவுக்கு வருவதைப் போன்றது இது.

மறைந்த இங்கிலாந்து நடுவர் டேவிட் ஷெப்பர்ட், ஸ்கோர் 111-இல் இருக்கும்போது, அந்தக் கெட்ட சகுனம் விலக, காலைத் தரையிலிருந்து தூக்கித் தூக்கி வைப்பார். பார்க்கவே அத்தனை அழகு. 2011 நவம்பர் 11 அன்று காலை 11.11 மணிக்கு, கேப் டவுன் டெஸ்டில் ஆஸ்திரேலியாவை வெல்லத் தென்னாப்பிரிக்காவுக்குச் சரியாக 111 ரன்கள் தேவைப்பட்டபோது, நடுவர் இயன் கூல்டும் ரசிகர்களும் ஒற்றைக் காலில் நின்றார்கள். தென்னாப்பிரிக்கா எளிதாக வென்றது.

நெல்சன் ஒரு காலை இழந்தவர் என்பது மட்டும் தவறு: 1794-இல் கோர்சிக்காவில் வலக்கண்ணின் பார்வையையும், 1797-இல் டெனெரீஃப் தீவில் வலக்கையையும் இழந்த அவருக்கு, இறுதிவரை இரண்டு கால்களும் இருந்தன.