கூவெட்டுக்கும் வெயிலுக்கும் ஒரே கொசைன் கரெக்டர் போதுமா?

கேள்வி: கடலூர் சிப்காட் பக்கம் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் ஃபைபர் (ஒளியைக் கடத்தும் இழை) மாட்டி அளக்கும் சிறிய ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) இருக்கிறது. சாயம் கலந்த நீரைக் கூவெட்டில், அதாவது ஒளி ஊடுருவும் சிறு குப்பியில், ஊற்றி அளக்க வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெயிலையும் அளக்க வேண்டும். ஃபைபர் முனையில் மாட்டும் கொசைன் கரெக்டர் ஒன்று வாங்கினால் இரண்டுக்கும் ஆகும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வெயிலுக்குத் தாராளமாக வாங்குங்கள். கூவெட்டுக்கு அது உதவாது.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் 0.22 எண் துளை (எவ்வளவு அகலக் கோணத்திலிருந்து ஒளி வாங்கும் என்ற அளவு) கொண்ட ஃபைபராக இருக்கும். அதன் வெறும் முனை சுமார் 25 டிகிரி கூம்புக்குள் வரும் ஒளியை மட்டுமே வாங்கும். வெட்டவெளியில் கை சற்று அசைந்தாலே அளவு மாறிவிடும். கரெக்டரின் முகப்பில் இருக்கும் வெள்ளைத் தகடு, வானம் முழுவதிலிருந்தும் வரும் ஒளியைக் கலந்து உள்ளே அனுப்பும். உச்சியிலிருந்து 60 டிகிரி சாய்ந்து வரும் கதிரில் பாதிதான் கணக்கில் சேரும். சமதளத்தில் விழும் ஒளிக்கு அதுதான் சரியான கணக்கு. அதனால் கரெக்டரை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்துங்கள். ஒளி மிஞ்சிப்போய் கிராஃபின் உச்சி தட்டையாக வந்தால் அதைச் சாய்த்துச் சமாளிக்க வேண்டாம். முதலில் இன்டெக்ரேஷன் நேரத்தை (ஓர் அளவுக்குக் கருவி ஒளி சேர்க்கும் நேரம்) குறையுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் 400 மைக்ரான் ஃபைபருக்குப் பதில் 200 மைக்ரான் போடுங்கள், ஒளி குறைந்துவிடும். ஆனால் ஒன்று: ஃபைபரும் கரெக்டரும் மாட்டிய நிலையில் அளவுத்திருத்தம் செய்திருந்தால், ஒன்றை மாற்றினாலும் அந்தத் திருத்தம் செல்லாது.

கூவெட்டில் கதை வேறு. அங்கே தேவை, மாதிரியை நேராகக் கடந்து வரும் கற்றை. கரெக்டர் அந்தக் கற்றையின் பெரும்பகுதியை வீணாக்கும், அறையின் ஒளியையும் சேர்த்து வாங்கும். எனவே கூவெட் தாங்கியின் இரு பக்கமும் கொலிமேட்டிங் லென்ஸ் (ஒளியை இணையான கற்றையாக்கும் லென்ஸ்) வைத்ததா என்று பார்த்து வாங்குங்கள். விளக்குப் பக்கத்து லென்ஸிலிருந்து வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழ வையுங்கள். தாளைத் தள்ளிக்கொண்டே போகும்போது வட்டம் மிகக் குறைவாகப் பெருகும் இடத்தில் லென்ஸை நிறுத்தி, திருகை இறுக்குங்கள். அப்புறம் எதிர்ப்பக்க லென்ஸை நகர்த்தி, திரையில் சிக்னல் உச்சம் தொடும் இடத்தில் பூட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சரிசெய்த ஒற்றை லென்ஸ் புற ஊதாவில் குவியம் தவறும். அங்கே அளப்பதானால் அந்த அலைநீளத்திலேயே சிக்னலைப் பார்த்துத் திரும்பவும் சரிசெய்ய வேண்டும். புற ஊதாவுக்குக் குவார்ட்ஸ் கூவெட்தான், சாதாரணக் கண்ணாடி வேண்டாம்.

பிளாங்க் (சாயமில்லாத நீரை வைத்து எடுக்கும் ஒப்பீட்டு அளவு) எடுத்த பிறகு ஃபைபரைத் தொடவே கூடாது. ஃபைபர் முனையில் இருக்கும் எஸ்எம்ஏ 905 இணைப்பியில் இன்ன திசையில்தான் நிற்க வேண்டும் என்று பிடிக்கும் பள்ளம் கிடையாது. சற்றுச் சுழன்றாலோ, ஃபைபரின் வளைவு மாறினாலோ அடிக்கோடு (கிராஃபின் பூஜ்ய நிலை) நகர்ந்துவிடும். நிறம் மங்கலான மாதிரியில் அந்த நகர்வே சாயம் மாதிரித் தெரியும். ஃபைபரை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

கடற்கரைக்குக் கொண்டுபோன அன்று முனைகளில் உப்பு படியும். துடைக்கும் முன் காற்றுப் பந்தால் ஊதிவிடுங்கள், இல்லையென்றால் மணல் துகள் கீறிவிடும். பிறகு லென்ஸ் தாளில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, மூடி போட்டு வையுங்கள்.

இப்போதைக்கு ஒன்றுதான் வாங்கக் காசு இருக்கிறது என்றால், அன்றாட வேலை கூவெட்டில்தான் எனில், லென்ஸ் வைத்த தாங்கியை முதலில் வாங்குங்கள்.