55 நிமிடத்துக்குள் ஓட வேண்டுமா? முதலில் இரத்தத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. வெள்ளவத்தையில் இருக்கிறேன். தினமும் விடிய மரைன் டிரைவில் ஓடுவேன். 10 கிலோமீற்றரை 58 நிமிடத்தில் ஓடியதுதான் என் சிறந்த நேரம். அதை 55க்குள் கொண்டுவர நினைத்து ஓட்டத்தைக் கூட்டினேன். ஆனால் இரண்டு மாதமாக 62 நிமிடம் எடுக்கிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, தலைமயிரும் கொட்டுகிறது. மாதவிடாய் ஏழு நாள் நீடிக்கும், போக்கும் அதிகம். கூட ஓடும் தோழி இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறார். நானும் எடுக்கலாமா? இன்னும் கூடுதலாக ஓடிப் பார்க்கட்டுமா?

பதில்: வேண்டாம், சகோதரி. ஓட்டத்தை இப்போது கூட்டவே கூடாது. பயிற்சி கூடக் கூட நேரமும் கூடுகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, மாதப்போக்கும் அதிகம் என்றால் என் முதல் சந்தேகம் இரும்புச்சத்துக் குறைபாடுதான். தசைக்கு ஒட்சிசனைக் கொண்டுபோவது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின், அதை உருவாக்க இரும்பு வேண்டும். அது குறைந்திருக்கும்போது எந்தப் பயிற்சித் திட்டமும் பலன் தராது.

கண்ணாடி முன் நின்று கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உட்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளிறியிருக்கிறதா? சமைக்கும்போது பச்சரிசியை அள்ளி மெல்லவோ, ஐஸ் கட்டியைக் கடிக்கவோ ஆசை வருகிறதா? பலர் வெட்கப்பட்டு இதை வைத்தியரிடம் சொல்வதில்லை. இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கு இது நல்ல தடயம், தயங்காமல் சொல்லுங்கள்.

எஃப்.பி.சி. எனும் முழு இரத்த அணுக்கள் பரிசோதனையோடு ஃபெரிட்டினையும் சேர்த்துச் செய்யுங்கள். உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது ஃபெரிட்டின். ஈமோகுளோபின் 12க்கு மேல் இருந்தும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே விழுந்து, ஓட முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. காய்ச்சல், தடிமன் இருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம், அப்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். கடுமையாக ஓடிய மறுநாளும் வேண்டாம்.

தோழியின் குளிசையைப் பார்த்து நீங்களும் தொடங்காதீர்கள். தலசீமியா எனும் பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் இலங்கையில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஈமோகுளோபின் குறைவாகவே இருக்கும், ஆனால் இரும்புக் குறைபாடு இல்லாதபோது இரும்புக் குளிசையால் பயனில்லை. பரிசோதனை முடிவைப் பார்த்து வைத்தியர் தந்தால் எடுங்கள். பலருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது நன்றாக உறிஞ்சப்படுகிறது, வயிற்றுக்கும் சுகம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

இனி தேநீர். காலைச் சாப்பாட்டோடு பிளேன்டீ, பகல் சோறு முடிந்த கையோடு இன்னொன்று என்று குடிப்பவர் என்றால், பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பின் பெரும்பகுதியை அந்தத் தேநீரே தடுத்துவிடும். குடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், கௌப்பி அவித்துச் சாப்பிட்ட பிறகு கொய்யாப்பழம் ஒன்று சாப்பிடுங்கள். அசைவம் சாப்பிடுபவரானால் ஈரல், ஆட்டிறைச்சி, மீன் இவற்றிலுள்ள இரும்பு இலகுவாகச் சேரும்.

மாதப்போக்கைக் கவனிக்காமல் குளிசை மட்டும் எடுத்தால் ஓட்டை வாளியில் தண்ணீர் நிரப்பும் கதைதான். பெண்நோயியல் வைத்தியரிடம் போய், கர்ப்பப்பையில் கட்டி ஏதும் உண்டா என்று ஸ்கான் செய்து பாருங்கள். தைரொயிட் பரிசோதனையும் ஒன்றாகவே செய்துவிடலாம். களைப்புக்கும் மயிர் கொட்டுவதற்கும் அதுவும் காரணமாகலாம்.

குறைபாடு உறுதியாகி மருந்து தொடங்கினால் சில கிழமைகளிலேயே உடல் தெம்பு திரும்பும், ஆனால் சேமிப்பு நிரம்ப மூன்று மாதமாவது வேண்டும். அதுவரை நடை, மெதுவோட்டம் போதும்.

பிறகு 55 நிமிடத்தைத் தாராளமாகக் குறிவையுங்கள். ஒரு கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 30 செக்கன் வீதம் ஓட வேண்டும். ஆனால் தினமும் அந்த வேகத்தை எட்டப் பார்ப்பதுதான் பலர் முன்னேறாமல் நிற்பதற்குக் காரணம். கிழமையில் ஒரு நாள் மட்டும் அந்த வேகத்தில் ஒரு கிலோமீற்றர் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, அப்படி ஐந்து முறை செய்யுங்கள். ஒரு நாள் 12 அல்லது 14 கிலோமீற்றர் நீண்ட ஓட்டம். மற்ற நாட்களில் கூட ஓடுபவரோடு முழு வசனம் பேசக்கூடிய வேகம், உங்களுக்கு அது கிலோமீற்றருக்கு 7 நிமிடத்தை ஒட்டி வரும். கொழும்பில் விடியற்காலையிலும் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை காயாது, இதயம் கூடுதலாகத் துடிக்கும். ஏப்ரல் மாதத்தில் மணிக்கூட்டைப் பார்த்து மனம் நோகாதீர்கள், மூச்சைப் பார்த்து ஓடுங்கள்.

ஓடும்போது நெஞ்சு இறுக்கினாலோ, தலைசுற்றி விழுந்தாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். உங்கள் குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர் யாரும் இருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள்.