வழக்கை மூடினால் சோறும் நின்றுவிடுமா?

தம்பி, இந்திய உணவுரிமை வழக்கை உச்ச நீதிமன்றம் மூடியதும் பள்ளி மதிய உணவு நின்றுவிட்டதா, நாளைக்குக் கம்பஸில் பிரசன்டேஷனில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நிற்கவில்லை. 2001இல் போட்ட வழக்கு அது. அந்த நவம்பரிலேயே பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க உத்தரவு வந்தது. அதைக் கண்காணிக்க நீதிமன்றம் நியமித்த ஆணையர்களும் இருந்தார்கள். 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அந்தச் சோறு பிள்ளையின் சட்ட உரிமையானது. அதைக் காட்டித்தான் 2017 பெப்ரவரியில் வழக்கை முடித்தார்கள்.

போனது ஆணையர்களின் கண்தான். எனக்கு அது பெரிய இழப்பு. இப்போது முறையிட மாவட்டக் குறைதீர் அலுவலர், மாநில உணவு ஆணையம் என்று போக வேண்டும். அப்புறம், அடிப்படை உரிமை மீறலுக்கு மனுப் போட வழிவிடும் எங்கள் இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையோடு ஒப்பிடுவதென்றால், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற காலக்கெடுவையும் மறக்காமல் சொல்லுங்கள். சேர் கட்டாயம் கேட்பார்.