ஆட்டமே இல்லாத மாதங்களில் ரிசீவர் பேச்சு

தம்பி, பிப்ரவரியில் கிரீன் பே வந்து சேர்ந்தீர்கள், ஆட்டமே நடக்காத இந்த மாதங்களிலும் அலுவலகத்தில் எல்லாரும் அமெரிக்கக் கால்பந்து ரிசீவர்களைப் பற்றியே பேசுகிறார்கள், மதியச் சாப்பாட்டில் வாயைத் திறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே வந்த புதிதில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். விதிகளை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் நம் ஊர் அணியான பேக்கர்ஸை விட்டு டவான்டே ஆடம்ஸ் என்ற ரிசீவர் போன கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் பேச்சில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

வைட் ரிசீவர் என்பவர் ஓரத்திலிருந்து ஓடி, குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர். 2021 சீசனில் ஆடம்ஸ் 123 பந்துகளைப் பிடித்து 1,553 கெஜம் எடுத்தார். ஒப்பந்தம் முடிந்ததும் பேக்கர்ஸ் அவர் மேல் பிரான்சைஸ் டேக் போட்டது. பெரிய சம்பளம் கொடுத்து இன்னும் ஒரு வருஷத்துக்குப் பிடித்துவைக்கும் உரிமை அது. அவருக்கு அதில் விருப்பமில்லை. கல்லூரியில் அவருக்குப் பந்து எறிந்த டெரெக் கார் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணியில் இருந்தார். 2022 மார்ச்சில் ஆடம்ஸும் அங்கே போய்விட்டார். பேக்கர்ஸுக்குப் பதிலுக்குக் கிடைத்தவை அந்த வருஷ டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 22ஆவது, 53ஆவது தேர்வுகள். மறுநாள் எங்கள் அலுவலகம் இழவு வீடு மாதிரி இருந்தது.

எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் விட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஐபிஎல் ஏலத்தில் அணிகளுக்கு இருப்பதுபோல இங்கேயும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2022இல் அது 208.2 மில்லியன் டாலர். போக நினைப்பவரை இழுத்துப் பிடித்து, அதில் பெரும் பங்கை அவருக்கே கொடுத்தால் மற்ற இடங்களை எதை வைத்து நிரப்புவது?

ஆடம்ஸுக்குக் கிடைத்த 53ஐயும் கையிலிருந்த 59ஐயும் மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்து, 34ஆவது இடத்துக்கு ஏறி கிறிஸ்டியன் வாட்சனை எடுத்தார்கள். சீசனின் முதல் ஆட்டம் அதே வைக்கிங்ஸோடு. பேக்கர்ஸின் முதல் எறிதலே வாட்சனுக்குத்தான். முன்னால் ஒருவரும் இல்லை. கைக்கு வந்த பந்தை நழுவவிட்டார். "ஆடம்ஸ் இருந்திருந்தால்" என்று ஊரே பேசியது. நவம்பரில் டல்லஸ் அணிக்கு எதிராக அதே பையன் மூன்று டச்டவுன் அடித்தார், அதாவது மூன்று முறை பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்த்தார். அன்று பேக்கர்ஸின் சொந்த மைதானமான லாம்போவில் நான் இருந்தேன், தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பினேன். ரோமியோ டோப்ஸ், ஜேடன் ரீட், டொன்டேவியன் விக்ஸ் என்று அடுத்தடுத்து வந்தவர்களும் டிராஃப்டில் எடுத்து வளர்த்தவர்கள்தான். நட்சத்திரம் ஒருவரும் இல்லையே என்று உங்கள் அலுவலகத்தில் அலுத்துக்கொள்வது இவர்களைப் பற்றித்தான்.

2025 ஏப்ரல் 24 அன்று டிராஃப்ட் நம் ஊரிலேயே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். 23ஆவது தேர்வாக மேத்யூ கோல்டன் பெயரை அறிவித்ததும் கூட்டம் ஏன் அப்படிக் கத்தியது தெரியுமா? 2002க்குப் பிறகு அதுவரை முதல் சுற்றில் பேக்கர்ஸ் ஒரு ரிசீவரை எடுத்ததே இல்லை. அடுத்து மூன்றாம் சுற்றில் சேவியன் வில்லியம்ஸையும் எடுத்தார்கள். ஆனால் வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில் அணியில் இருக்கும் 90 பேரை 53 ஆகக் குறைக்க வேண்டும். ரிசீவர்களில் பெரும்பாலும் ஐந்தாறு பேருக்குத்தான் இடம்.

இன்னொன்று. இந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது. லாபம் எதுவும் தராத பங்குகளை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வைத்திருக்கிறார்கள். உங்கள் சக ஊழியர்கள் "நாம் யாரை வைத்துக்கொள்வது" என்று பேசுவது மனசார வரும் பேச்சு.

நாளைக்கு அவர்களிடம், 2025 ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்த வாட்சன் திரும்பும்வரை அவர் இடத்தில் யார் ஆடினார் என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர்களே சொல்லித் தருவார்கள். ஜூலைக் கடைசியில் பயிற்சி முகாம் தொடங்கும். ஆட்டக்காரர்கள் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு பயிற்சித் திடலுக்குப் போவார்கள். பிள்ளைகள் அவர்களுடைய ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டு கூடவே ஓடுவார்கள். நான் வருஷா வருஷம் போகிறேன். நீங்களும் வாருங்கள் தம்பி.