ரிஸ்க் கோடு இறங்காமல் ஏறினால்?

கேள்வி: மென்பொருள் வேலையை இரண்டு வார ஸ்பிரிண்ட்களாக (குறுகிய வேலைச் சுற்றுகளாக) பிரித்துச் செய்கிறோம். மொத்த ரிஸ்க் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ரிஸ்க் பர்ன்டவுன் வரைபடத்தில் மூன்று ஸ்பிரிண்டாகக் கோடு ஏறிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?

பதில்: ஏறியது எதனால் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். புது ரிஸ்க்குகள் சேர்ந்ததால் என்றால் பதற வேண்டாம். கண்ணில் படாமல் கிடந்தவை பட்டியலுக்கு வந்திருக்கின்றன, நல்லதுதான். பழைய ரிஸ்க்கின் மதிப்பே கூடியிருந்தால்தான் கவலை.

உதாரணமாக, பேமென்ட் இணைப்பு தாமதமாகும் வாய்ப்பு 20 சதவீதம், நடந்தால் 10 நாள் இழப்பு என்றால், இரண்டையும் பெருக்கி வரும் மதிப்பு 2 நாள். வாய்ப்பு 60 சதவீதமானால் அதுவே 6 நாள். எழுதிவைப்பதால் அது குறையாது. வேலையாக மாற்ற வேண்டும். அடுத்த ஸ்பிரிண்டிலேயே இரண்டு நாள் வரம்புடன் ஒரு ஸ்பைக் (சந்தேகத்தைத் தீர்க்க மட்டும் செய்யும் சிறு சோதனை வேலை) வையுங்கள். சோதனைச் சூழலில் ஒரே ஒரு பரிவர்த்தனை முழுதாகப் போய், பதில் திரும்பி வருகிறதா? அது மட்டும் இலக்கு. ஒருவர் பெயரைப் போடுங்கள். "டீம் பார்த்துக்கொள்ளும்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அதற்கு ஈடாக ஒரு ஸ்டோரியை (அந்த ஸ்பிரிண்டுக்குத் திட்டமிட்ட ஒரு வேலையை) கட்டாயம் வெளியே எடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: ஸ்பைக்கைக் கூடுதல் சுமையாக வைத்தால், கடைசி நாளில் முதலில் கைவிடப்படுவது அதுதான். ஸ்பைக் முடிந்த அன்றே ரிஸ்க்கின் மதிப்பை மறுபடி கணக்கிடுங்கள். அப்போதும் 6 என்றே நின்றால், மாற்று வழியா, வெளியீட்டுத் தேதியா என்று பிராடக்ட் ஓனரிடம் (எந்த வேலைக்கு முன்னுரிமை என்று முடிவெடுப்பவரிடம்) அன்றே பேசிவிடுங்கள்.