அருவிக்கு மேலே பாதி விலை ஏன்?

கேள்வி: ஆஸ்லோவில் வேலை செய்கிறேன். ஜூன் முதல் வாரம் 17 வயது மகனுடன் நார்வேயின் கௌலா ஆற்றில் சால்மன் மீன் பிடிக்க ஆசை. ஸ்டோரன் ஊருக்கு மேலே மீன் பிடிக்க ஒரு கரையைப் பாதி விலையில் வாடகைக்குத் தருவதாக முகவர் ஒருவர் சொல்கிறார். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் அந்த வாரத்தில் அங்கே வந்து சேர்ந்திருப்பது சந்தேகம்.

கௌலா ரோரோஸ் பக்கத்து மலைகளில் பிறந்து, ஸ்டோரன் வந்ததும் வடக்கே திரும்பி, மெல்ஹூஸ் வழியாக ட்ரொண்ட்ஹைம் கடற்கழியில் கலக்கிறது. ஸ்டோரனுக்குச் சற்றுக் கீழே, ஹோவின் அருகில் ஆற்றைப் பாறைகள் நெருக்குகின்றன. அதுதான் கௌல்ஃபோசென் அருவி. உயரத்திலிருந்து கொட்டுகிற அருவி அல்ல. இடுக்கில் சீறிப் பாய்கிற நீர். பனி உருகும் காலத்தில் அந்த வேகத்தை மீனால் எதிர்க்க முடியாது. வெள்ளம் வடிந்து, நீரும் சற்றுச் சூடேறும்வரை அருவிக்குக் கீழேயே காத்துக் கிடக்கும். ஆகவே ஜூன் தொடக்கத்தில் கீழ்க்கரை, மேல்கரைக்கு ஜூலை. முகவருக்கு இது தெரியாமல் இருக்குமா? பாதி விலையின் ரகசியமே அதுதான்.

இன்னொன்று. இந்த ஆற்றில் அணை இல்லை, மழைநீரைத் தாங்கிவைக்கப் பெரிய ஏரியும் இல்லை. ஒரு இரவு மழையில் நீர் ஏறிக் களிமண் கலங்கிவிடும். "மீன் நிச்சயம்" என்று எவராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பணம் எத்தனை இடத்தில் கட்டுவது என்று கேட்டால் எனக்கே எரிச்சல் வரும். அரசுக்கு ஒரு கட்டணம், கரை உரிமையாளருக்கு இன்னொன்று. கருவிகளைக் கிருமி நீக்கம் செய்த சான்றுக்கு வேறோர் இடம். முகவர் "எல்லாம் சேர்த்துத்தான்" என்பார். அரசுக் கட்டணம் அதில் இருக்காது. அதை உங்கள் பெயரில் நீங்களே கட்டுங்கள்.

மகன் விஷயம். 18 வயது நிரம்பாதவருக்கு அரசுக் கட்டணம் கிடையாது. அதை மட்டும் கேட்டுவிட்டுப் பையனைச் சும்மா கூட்டிப்போகிறவர்கள் உண்டு. விலக்கு அரசுக் கட்டணத்துக்குத்தான். கரைக்கான அனுமதிச்சீட்டு அவனுக்கும் வேண்டும், தூண்டிலுக்குக் கிருமி நீக்கமும் வேண்டும். 16 வயதுக்குட்பட்டோர் ஏரிகளில் இலவசமாக மீன் பிடிக்கலாம் என்பதையும் இதோடு குழப்பாதீர்கள். அது சால்மன் ஆற்றுக்குப் பொருந்தாது, உங்கள் மகனுக்கு அந்த வயதும் கடந்துவிட்டது.

கடைசியாக, பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2024 ஜூன் 23 அன்று, பருவம் தொடங்கி மூன்றே வாரத்தில், கௌலா உட்பட 33 ஆறுகளைச் சால்மன் பிடிப்புக்கு மூடினார்கள். மீன் குறைந்துவிட்டது, மூடியதில் தவறில்லை. ஆனால் விடுமுறையும் விமான டிக்கெட்டும் எடுத்தவர்களுக்கு அவகாசமே தரவில்லை. மறுபடியும் அப்படி மூடினால் முன்பணம் யாரிடம் இருக்கும் என்று முகவரிடம் கேளுங்கள். கரை உரிமையாளரின் பெயரையும் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.